சிவப்புக் கோடு போட்ட வரிகள்

கோர்ட்டில் உத்தரவு எழுதுவது ஒரு வேலை, எழுதிய உத்தரவைத் தேடி எடுப்பது இன்னொரு வேலை. முதலாவதற்கு மரியாதை கிடைக்கும், இரண்டாவதற்குத் தும்மல் கிடைக்கும்.

எனக்கு வாய்த்தது தும்மல். திருவள்ளூர் மாவட்டத்தின் வடக்குப் பக்கம், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை ஜனங்கள் வந்து போகிற ஒரு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நகல் பிரிவில் இருந்தேன். எந்தக் கோர்ட் என்று சொல்லப் போவதில்லை. பென்ஷன் வாங்குகிற வயதில் எனக்கு எதற்கு வம்பு? வீடு வேப்பம்பட்டில். காலையில் ரயிலேறி பேசின்பிரிட்ஜில் இறங்கி, படியேறி ஓடி, வடக்கே போகிற ரயிலைப் பிடித்து, ஆபீஸில் போய் உட்காரும்போதே பாதி உயிர் போயிருக்கும். மீதி உயிரை ரிஜிஸ்டர்கள் பார்த்துக்கொள்ளும்.

குடும்ப வன்முறைச் சட்டம் வந்த புதிது அது. அடிக்கிற புருஷன் அந்தப் பெண்ணை நெருங்கக் கூடாது, அவள் வேலை செய்யும் இடத்துக்கு வரக் கூடாது என்று மாஜிஸ்திரேட் போடுகிற பாதுகாப்பு உத்தரவுகள் அப்போதுதான் எங்கள் அலமாரிக்கு வர ஆரம்பித்தன. உத்தரவு போட்டதும் அந்தப் பெண்ணுக்கு ஒரு நகல் கொடுத்துவிடுவோம். அது ஒரு மழைக்காலம் தாங்கினால் பெரிய விஷயம். புருஷன் கிழிப்பான், கூரை ஒழுகும், ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் மாறுவார், புதியவர் "ஆர்டர் எங்கே?" என்பார். உடனே எங்கள் ஜன்னலுக்கு ஓடி வருவார்கள். இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் ஏதாவது ஓர் அரசாங்க ஜன்னலுக்கு வெளியே கால் கடுக்க நின்றவர்களாக இருப்பீர்கள், மீதிப் பேர் என்னைப்போல் உள்ளே உட்கார்ந்து திட்டு வாங்கியவர்கள். இரண்டு கட்சிக்கும் என் அனுதாபம்.

பல்லுக்கும் கைக்கும் நடுவே

நகல் வேண்டுமென்றால் வழக்கு எண் சொல்ல வேண்டும். எண் சொன்னால் பத்து நிமிஷ வேலை, சொல்லாவிட்டால் பத்து நாள் வேலை. ஆனால் எண்ணோடு வந்த பெண்களை என் ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். எண் எழுதிய காகிதத்தைத்தானே அவன் முதலில் கிழித்திருப்பான்?

ஒருநாள் இரும்பு உருக்குகிற கம்பெனியில் கூட்டிப் பெருக்குகிற ஓர் அம்மா வந்தார். நாற்பது வயதிருக்கும். எண் தெரியாது, தேதி தெரியாது, எந்த வருஷம் என்று கேட்டால் கூட யோசிக்கிறார். ஜன்னலில் அன்றைக்குக் கூட்டம். எனக்கு எரிச்சல். "நம்பரும் தெரியாது, தேதியும் தெரியாதுன்னா நான் என்ன ஜோசியமா பார்க்கிறது?" என்று கத்திவிட்டேன். அவருக்குக் கோபமே வரவில்லை. மேலுதட்டைத் தூக்கி, முன்வரிசையில் இரண்டு பல் இல்லாத இடத்தைக் காட்டினார். இது பொங்கலுக்கு நாலு நாள் முன்னாடி என்றார். அப்புறம் வளைந்து போயிருந்த இடது முழங்கையைக் காட்டினார். இது ஆடி மாசம் என்றார். பிறகு, வழி தெரியாதவருக்கு வழி சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார்:

"பல்லு போச்சே மேடம், அதுக்கு அப்பால ஆர்டர் வாங்கினேன். கை ஒடிஞ்சிதே, அதுக்கு முன்னாடி. ரெண்டுத்துக்கும் நடுவுல தேடுங்க, கெடைக்கும்."

பதினோரு லட்சுமிகள்

எங்கள் ரிஜிஸ்டரில் முதல் கட்டத்தில் மனுதாரர் பெயர் இருக்கும், அதாவது மனைவி. அடுத்த கட்டத்தில் எதிர்மனுதாரர், அதாவது அடித்தவர். ஒருமுறை லட்சுமி என்று ஒருவர் வந்தார். அப்போது என் ரிஜிஸ்டரில் பதினோரு லட்சுமிகள் இருந்தார்கள். புருஷன் பெயரைச் சொன்னால்தான் எந்த லட்சுமி என்று பிடிக்க முடியும். அவரோ பெயரைச் சொல்ல மாட்டேன் என்கிறார். கட்டியவன் பெயரை வாயால் சொன்னால் அவன் ஆயுசு குறையுமாம். குறையட்டுமே என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. "ஏம்மா, கேஸே அவர் மேலதானே போட்டிருக்கீங்க?" என்றேன். "கேஸு வேற, பேரு வேற மேடம்" என்றார். எழுதிக் காட்டச் சொன்னால் எழுதத் தெரியாது. துணைக்கும் யாரும் வரவில்லை.

கடைசியில் புடவைத் தலைப்பை ஒதுக்கி முன்கையை ஜன்னல் வழியாக உள்ளே நீட்டினார். பச்சை குத்தியிருந்தது. கல்யாணமான வருஷம் குத்தியதாம். ஆனால் முன்பாதி எழுத்துகள் இல்லை, அந்த இடத்தில் தோல் சுருங்கி வழுவழுவென்று ஒரு தழும்பு. "மலை" என்பது மட்டும் மிச்சம் இருந்தது. "அண்ணாமலையா?" என்றேன். இல்லை என்று தலையாட்டினார். "ஏழுமலையா?" என்றேன். புதுப்பெண் மாதிரி வெட்கப்பட்டுக் கீழே பார்த்துக்கொண்டார். ரிஜிஸ்டரில் ஏழுமலையைத் தேடிப் பிடித்தேன். நகலை எடுத்துக் கொடுக்கும்போது, இது என்ன தழும்பு என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அவருதான் கரண்டிய காய வெச்சு இழுத்துட்டாரு மேடம். தன் பேரு மேலயே சூடு போட்டுக்கறோமேன்னு கூடப் பாக்கல, பாவம், குடியில இருந்தாரு."

கேட்டில் ஒட்டிய உத்தரவு

பாட்டில் கம்பெனி ஒன்றில் பேக்கிங்கில் வேலை செய்த பெண் ஒருத்தி, உத்தரவில் ஒரு நகலைக் கம்பெனிக்கும் கொடுத்திருந்தாள். புருஷன் அந்தக் கம்பெனி வாசலுக்கு வரக் கூடாது என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. கம்பெனிக்காரர்களும் பொறுப்பானவர்கள்தான். அதை செக்யூரிட்டி அறைக்கு வெளியே, வண்டி நிறுத்தும் இடம் என்கிற போர்டுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தார்கள். ஒரு மதியம் ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில், லோடு ஏற்றுகிற ஒப்பந்தக் கூலிகளின் சட்டையைப் போட்டுக்கொண்டு அந்தப் புருஷன் கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே போய்விட்டான். அந்தப் பெண் ஆஸ்பத்திரியில் பதினைந்து நாள் கிடந்தாள்.

உத்தரவை மீறிய வழக்கில் சாட்சி சொல்ல கேட் செக்யூரிட்டி வந்தார். பட்டாளத்தில் இருந்து வந்த மனுஷர், மீசையெல்லாம் வைத்து விறைப்பாக இருப்பார். அன்றைக்கு விறைப்பு இல்லை. சாட்சிக் கூண்டில் ஏறுவதற்கு முன்னால், அந்த உத்தரவை ஒருதரம் பார்க்க வேண்டும் என்று என்னிடம் வந்தார். முழுவதும் படித்தார். புரட்டிப் பின்பக்கமும் பார்த்தார். "உங்க கேட்டுலயே ஒட்டியிருந்ததே, தினம் பார்த்திருப்பீங்களே?" என்று நான் குத்தலாகத்தான் கேட்டேன். அவர் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். கண் கலங்கியிருந்தது.

"தெனம் படிச்சேன் மேடம். ஆனா இதுல போட்டோ இல்லியே, பேரு மட்டும்தானே கீது? உள்ள வர்றவன் நெத்தியில பேர எழுதிக்கினா வருவான்?"

எக்ஸ்பைரி டேட்

ஜன்னலுக்குப் பெண்கள் மட்டுமே வருவார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். எதிர்மனுதாரருக்கும் நகல் வாங்க உரிமை உண்டு. ஒருநாள் முப்பத்தைந்து வயதில் ஓர் ஆள் வந்தான். கம்பெனிச் சட்டை, படிய வாரிய தலை. ஹெல்மெட்டைக் கழற்றி மெதுவாக, சத்தம் வராமல் என் ஜன்னல் பலகையில் வைத்தான். வணக்கம் சொன்னான். வழக்கு எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதியே கொண்டு வந்திருந்தான். என் வாழ்நாளில் இவ்வளவு ஒழுங்கான ஆள் அந்த ஜன்னலுக்கு வந்ததில்லை. எண் இருந்ததால் பெயர் கேட்கவேண்டிய வேலையே இல்லை. பத்தாவது நிமிஷம் வழக்குக் காகிதக் கட்டை எடுத்துவிட்டேன். அவன் மேல் அவன் மனைவி வாங்கிய பாதுகாப்பு உத்தரவு.

அவனுக்கு நகல்கூட வேண்டாமாம், ஒரு சந்தேகம் மட்டும்தானாம். "மேடம், இதுல எக்ஸ்பைரி டேட் எங்க போட்டிருக்கு? மருந்து பாட்டிலுக்குக்கூட போடறாங்களே" என்றான். சிரித்த முகம். அப்படி எல்லாம் தேதி கிடையாது, அந்த அம்மாவே வந்து இனிமேல் வேண்டாம் என்று மாஜிஸ்திரேட்டிடம் சொல்கிறவரைக்கும் உத்தரவு செல்லும் என்றேன். சட்டத்தில் இருப்பதைத்தான் சொன்னேன். கேட்டுக்கொண்டு தலையாட்டினான். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டான். நன்றி சொன்னான்.

"அப்போ அவள சொல்ல வெச்சா போதும் இல்லீங்களா மேடம்?"

ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு

இந்த இடத்தில் எங்கள் ஹெட் கிளார்க்கின் ஏற்பாட்டைச் சொல்ல வேண்டும். ஆள் நல்லவர், ஆனால் சுத்தமும் ஒழுங்கும் என்றால் பைத்தியம். கணவனும் மனைவியும் ராஜியாகிப் போய், மனு வாபஸ் ஆகிவிட்டால், ரிஜிஸ்டரில் அந்த வரியின் கடைசிக் கட்டத்தில் "சமாதானம்" என்று எழுதி, வரி முழுக்கச் சிவப்பு மையில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட வேண்டும். அந்தக் கட்டுகளை எல்லாம் தனியாகக் கட்டி அலமாரியின் உச்சித் தட்டில் ஏற்றிவிடுவோம். ராஜியாகிப் போனவர்கள் நகல் கேட்டு வருவதில்லை. அதனால் தேடும்போது யாரும் சிவப்புக் கோட்டைப் படிப்பதில்லை. தினமும் தேடித் தேடி என் விரலுக்கே அது பழகிவிட்டது. சிவப்பைக் கண்டால் தானாகத் தாண்டிவிடும்.

ஹெல்மெட்காரன் வந்து போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை, மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். செல்வி என்று பெயர். புதுப் புடவை, தலை நிறையப் பூ. சேர்ந்து வாழ்வதாகவும், யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்றும் மாஜிஸ்திரேட்டிடம் சொன்னாள். அவர் இரண்டு தரம் கேட்டார், இரண்டு தரமும் அதையே சொன்னாள். மனு முடிந்தது. நான் ரிஜிஸ்டரை விரித்து ஸ்கேலை வைத்தேன். அவன் வராந்தா தூணில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தான். செல்வி மட்டும் ஜன்னலுக்கு வந்து, குனிந்து, பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காத குரலில் பேசினாள்.

"கோட்ட நல்லா அழுத்திப் போடுங்க மேடம். போட்டாச்சான்னு பாத்துட்டுதான் ஊட்டுக்குப் போவணும்னு சொல்லிக்கீறாரு."

ஆர்.கே.பேட்டையிலிருந்து ஒருவர்

ஒன்றரை வருஷம் போயிருக்கும். மதியச் சாப்பாட்டு நேரம். டிபன் பாக்ஸைத் திறந்து ஒரு வாய் வைத்திருப்பேன், ஜன்னலில் ஒரு பெரியவர். ஆர்.கே.பேட்டையில் வேர்க்கடலை போடுகிறவர். மூன்று வண்டி மாறி வந்திருக்கிறார். காது சரியாகக் கேட்காது, கையை மடக்கிக் காதில் வைத்துக்கொண்டுதான் பேசினார். ஒரே மகள் கோமதி, முப்பது முடியப் போகிறது. கும்மிடிப்பூண்டியில் கம்பெனி வேலையில் இருக்கும் பாஸ்கர் என்பவனுக்குப் பேசியிருக்கிறார்கள். அவனுக்கு இரண்டாம் கல்யாணம். முதல் மனைவியோடு விவாகரத்து ஆகிவிட்டது, அந்தப் பேப்பரைக் காட்டினார்களாம். "இஷ்டப்பட்டுதான் பிரிஞ்சாங்கன்னு சொல்றாங்கம்மா. வரதட்சணைன்னு டப்புகூட வேணான்றாங்க. அதான் எனக்குப் பயமா கீது. அடிதடின்னு இங்க கேஸு இன்னா கீதுன்னு பாத்துச் சொல்லும்மா" என்றார்.

மாப்பிள்ளையைப் பற்றி ஜனங்கள் டீக்கடையில் விசாரிப்பார்கள், அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். கோர்ட்டுக்கு வந்து விசாரித்த ஒரே தகப்பன் அவர்தான். முறைப்படி பார்த்தால் அவரிடம் மனு எழுதி வாங்க வேண்டும். வயசானவர், அலைய வைக்கக் கூடாது என்று, ஒரு கையில் சோற்றோடு இன்னொரு கையால் ரிஜிஸ்டரைப் புரட்டினேன். அவர் மஞ்சள் பையிலிருந்து மாப்பிள்ளை போட்டோவை எடுத்தார். "போட்டோ எல்லாம் வேணாம் ஐயா, பேர் சொன்னா போதும்" என்றேன். அந்த வார்த்தையை நினைத்தால் இப்போதும் சோறு இறங்காது. எதிர்மனுதாரர் கட்டத்தில் விரல் வைத்து, சட்டம் வந்த நாளிலிருந்து இரண்டரை வருஷத்தையும் பார்த்தேன். என் விரல் சிவப்பைத் தாண்டித் தாண்டிப் போனது. "எதுவும் இல்லை ஐயா" என்றேன். "இன்னாம்மா?" என்று காதைக் காட்டினார். ஆபீஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி "இல்லை! எதுவும் இல்லை!" என்று கத்தினேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. போட்டோவைத் துடைத்துப் பத்திரமாகப் பைக்குள் வைத்தார்.

"கோர்ட்டே இல்லன்னு சொல்லிட்ட பிறகு நான் யாரும்மா சந்தேகப்பட? நிம்மதியா போய் பத்திரிகை அடிக்கிறேன்."

கல்யாண போட்டோ

அடுத்த முறை அந்தப் பெரியவர் வந்தபோது மகளும் கூட வந்தாள். எட்டோ ஒன்பதோ மாதம் ஆகியிருக்கும். கோமதிக்கு இடது கன்னம் வீங்கி, கண் பாதி மூடியிருந்தது. வாயை முழுசாகத் திறக்க முடியவில்லை. புதிதாகப் பாதுகாப்பு மனு போட வந்திருந்தார்கள். கல்யாணம் நடந்ததற்குச் சாட்சியாக மனுவோடு கல்யாண போட்டோவைச் சேர்க்க வேண்டும். இணைப்புகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பது அன்றைக்கு என் வேலை. போட்டோவைப் பார்த்தேன். மாலையும் கழுத்துமாக, படிய வாரிய தலையோடு, அதே சிரித்த முகம். ஹெல்மெட்டைச் சத்தம் வராமல் வைத்த ஆள்.

போட்டோவை மனுவின் மேல் கவிழ்த்து வைத்தேன். பெரியவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, கும்பிட்டபடி ஜன்னலுக்கு வந்தார். அவரிடம் என்னை மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே சமாதானம் சொல்கிற குரலில் பேச ஆரம்பித்தார். கோமதி இதற்கு முன் மூன்று தரம் அடி தாங்காமல் பிறந்த வீட்டுக்கு வந்தாளாம். மூன்று தரமும் இவரே புத்தி சொல்லித் திரும்பக் கொண்டுபோய் விட்டாராம். ஏன் ஐயா என்றேன். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

"நீதானேம்மா ஆபீசே திரும்பிப் பாக்கற மாரி சொன்ன, அவன் மேல முன்ன பின்ன எதுவும் இல்லன்னு? மொத பொண்டாட்டிகிட்ட ஒழுங்கா இருந்தவன் இவளை அடிக்கிறான்னா, தப்பு எங்க பொண்ணு மேலதான்னு நெனச்சுக்கினேன்."

தேடாத தேடல்

அவர்களை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு ரெக்கார்டு ரூமுக்கு ஓடினேன். இந்த முறை சிவப்புக் கோடுகளை மட்டும் படித்தேன். ஏழாவது சிவப்பில் கிடைத்தது. மனுதாரர் செல்வி, எதிர்மனுதாரர் பாஸ்கர், அப்பன் பெயர், தெரு, எல்லாம் கோமதியின் மனுவில் இருப்பதுதான். என் கையெழுத்து, நான் போட்ட கோடு. செல்வி கேட்டுக்கொண்டபடி அழுத்தித்தான் போட்டிருந்தேன். உச்சித் தட்டிலிருந்து கட்டை இறக்கிப் பிரித்தேன். உத்தரவு அப்படியே இருந்தது.

ஹெட் கிளார்க்கிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். என் தப்பு சார், போய் அவர்களிடம் சொல்லப் போகிறேன் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். சத்தம் போடாதீர்கள் என்று சைகை காட்டினார். எனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"மேடம், அன்னைக்கு அந்தப் பெரியவர் மனுவே கொடுக்கலை. மனு இல்லைன்னா நீங்க தேடவே இல்லை. தேடவே இல்லைன்னா இதுல தப்பு எங்கேருந்து வந்தது?"

அதே சத்தத்தில்

அடுத்தவர் வழக்கின் உத்தரவை நினைத்தவுடன் எடுத்துக் கொடுத்துவிட முடியாது. கோமதியின் வக்கீலிடம் எண்ணைச் சொன்னேன். அவர் மனு போட்டார், மாஜிஸ்திரேட் அனுமதித்தார். ஒரு வாரம் கழித்து நகல் தயாரானது. ஒவ்வொரு எழுத்தையும் நானே டைப் அடித்து, நானே ஒப்பிட்டுப் பார்த்தேன். அந்த ஒரு வாரமும் பேசின்பிரிட்ஜ் படிக்கட்டில் ஏறும்போதெல்லாம், ஹெட் கிளார்க் சொன்னது சரிதானே, வாயை மூடிக்கொண்டு நகலைக் கொடுத்து அனுப்பிவிடலாமே என்று ஒரு மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. நான் அப்படி ஒன்றும் தைரியசாலி இல்லை.

இருவரும் வந்தார்கள். பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். கோமதி ஜன்னலில் நின்றாள். படித்துக் காட்டச் சொன்னாள், ஒரு கண்ணில் இன்னும் பார்வை தெளியவில்லை. படித்தேன். "எதிர்மனுதாரர் மேற்படி மனுதாரரைக் கைகளாலும் தலைக்கவசத்தாலும் முகத்தில் தாக்கியதற்கு முகாந்திரம் இருப்பதாக இந்நீதிமன்றம் கருதுவதால்..." என்ற இடம் வந்ததும் அவள் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. "ஹெல்மெட்டாலயா? அவளையுமா?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்போ நான் கொழம்புல உப்பு கம்மியா போட்டதால இல்ல" என்றாள். அது கேள்வி மாதிரியும் இல்லை, பதில் மாதிரியும் இல்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "உங்கப்பா வந்தன்னைக்கே இது இங்கதான்மா இருந்தது. நான்தான் ஒழுங்கா தேடலை. தப்பு என்னோடது" என்றேன். அதையும் மெதுவாகத்தான் சொன்னேன். ஆபீஸில் யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்று என் குரல் தானாகவே தாழ்ந்துவிட்டது.

"இன்னாம்மா சொல்லுது இந்தம்மா?" என்று பெஞ்சிலிருந்து பெரியவர் கையைக் காதில் மடக்கிக்கொண்டு கேட்டார். கோமதி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அவளுக்கு என் மேல் கோபம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நகலை ஜன்னல் வழியாக என் பக்கம் திருப்பித் தள்ளினாள்.

"அன்னைக்கு இல்லன்னு சொன்னீங்களாமே மேடம், அதே சத்தத்துல இந்த ஆர்டரு, உங்க தப்பு, ரெண்டையும் சொல்லுங்க, நைனாவுக்குக் காதுல விழணும்."

எழுந்து நின்று, ஆபீஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி சொன்னேன்; அன்றிலிருந்து ரிடையர் ஆகிறவரைக்கும் எந்த ரிஜிஸ்டரைத் திறந்தாலும் சிவப்புக் கோடு போட்ட வரியைத்தான் முதலில் படித்தேன், ஏனென்றால் எங்கள் ஆபீஸில் "சமாதானம்" என்று எழுதி உச்சித் தட்டில் ஏற்றிய கட்டுகளில்தான் அடி அதிகமாக இருந்தது.